மூணாறு மலையில் மலையேற்றம்: எந்தப் பாதைக்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும்? எப்போது செல்லக் கூடாது?

கொச்சி: மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளுக்கு மிளகும் ஏலக்காயும் வந்து சேர்ந்தது கிழக்கே உள்ள இடுக்கி மலைகளில் இருந்துதான். இன்று அதே மட்டாஞ்சேரியில் அரண்மனையையும் யூதத் தெருவையும் பார்த்து முடிக்கும் சுற்றுலாப் பயணிகள், மறுநாள் காலையிலேயே அந்த மலைகளை நோக்கிப் புறப்படுகின்றனர். மூணாறு இங்கிருந்து சுமார் 130 கிலோ மீட்டர். அங்கு சென்ற பின் எந்தப் பாதையில் நடக்கலாம், எதில் நடக்கக் கூடாது என்பதில்தான் பலருக்குக் குழப்பம் ஏற்படுகிறது.

கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடக்கிறது. இங்குள்ள வளைவுப் பாலம் 1935-ல் திறக்கப்பட்டது. அதைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைகிறது. வாளரா, சீயப்பாறை அருவிகளைச் சாலையோரத்திலேயே காணலாம். மூணாறுக்குப் பின் தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு வழியாகத் தேனி மாவட்டத்துக்குள் இறங்கி மதுரையை அடைகிறது. ஆகவே தமிழ்நாட்டில் இருந்து வருவோருக்கு இந்த மலையின் வாசல் போடி. கொச்சி வழியாக வருவோருக்கு நேரியமங்கலம்.

தேயிலை இறங்கிய வழி

ஒரு காலத்தில் மூணாறு தேயிலை கொச்சிக்கு வரவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் அமைக்கப்பட்ட ஒற்றைத் தண்டவாளப் பாதை, 1908-ல் குறுகிய ரயில் பாதையாக மாற்றப்பட்டது. அது தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டு சென்றது. அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிக்கு இறங்கிய பெட்டிகள், போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடி துறைமுகத்தை அடைந்தன. மேல் நிலையம் என்ற பொருளில் அமைந்த டாப் ஸ்டேஷன் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. ரயில் பாதை 1924 பெருவெள்ளத்தில் அழிந்தது. பின்னாளில் கொச்சி வில்லிங்டன் தீவு தேயிலை ஏல மையமாக வளர்ந்தது.

அன்று கம்பிவட ஊர்தி இறங்கிய அதே சரிவுகளில்தான் இன்றைய மலையேற்றப் பாதைகளும் உள்ளன. மேற்பகுதி ஒரு மாநிலத்திலும் அடிவாரம் மற்றொரு மாநிலத்திலும் இருப்பதால், ஒரே நாள் நடையில் இரண்டு வனத்துறைகளின் எல்லைகளைக் கடக்க நேரிடும்.

குரங்கணி ஏற்படுத்திய மாற்றம்

2018-ம் ஆண்டு மார்ச் 11-ம் தேதி, கொழுக்குமலையில் இருந்து குரங்கணி நோக்கி இறங்கிக் கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்தச் சரிவுகளில் கோடையில் ஆளுயரப் புல் காய்ந்து கிடக்கும். தீ எப்போதும் மேட்டை நோக்கி வேகமாகப் பரவும்; காற்றும் சேர்ந்துகொண்டால் சரிவின் நடுவில் நிற்பவர்களால் அதை முந்த இயலாது. அழகான புல்வெளி என்று படம் எடுக்கப்படும் இடமே மார்ச் மாதத்தில் மிகவும் ஆபத்தான இடமாகிறது.

இந்தத் துயரத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் கீழ் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. இணையவழி முன்பதிவும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம். காட்டுத்தீக் காலத்தில் இப்பாதைகள் மூடப்படுகின்றன. விடுமுறை எடுத்து வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் குரங்கணியின் தேதியை நினைவில் கொண்டால், இந்த மூடல் தேவையற்ற கெடுபிடி என்று எவரும் கூறமாட்டார்கள்.

கொழுக்குமலையின் நிலை சற்று விசித்திரமானது. தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் உள்ளது. ஆனால் அங்கு செல்லும் ஜீப் பாதையோ கேரளத்தின் சூரியநெல்லியில் தொடங்குகிறது. சூரிய உதயம் காண ஜீப்பில் செல்வதும், அங்கிருந்து கால்நடையாகக் காட்டுக்குள் இறங்குவதும் வெவ்வேறு விஷயங்கள். முதலாவதைச் செய்தவருக்கு இரண்டாவதற்கான அனுமதி தானாகக் கிடைத்துவிடாது.

கேரளப் பகுதியில் என்ன உண்டு?

2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி, இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயரமான சிகரம். இதன் உச்சிக்கு ஏறச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. சிகரம் அமைந்துள்ள 97 சதுர கிலோ மீட்டர் இரவிகுளம் தேசியப் பூங்காவில், ராஜமலைப் பகுதி மட்டுமே பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. வனத்துறைப் பேருந்தில் சென்று குறிப்பிட்ட தூரம் நடக்கலாம். தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டை மிக அருகில் காணக்கூடிய இடம் அண்டை மாநிலத்தில் உள்ள இதுதான். குட்டி ஈனும் பருவமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாகப் பூங்கா மூடப்படும். கோடை விடுமுறைத் திட்டத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

நெடுநடை விரும்புவோருக்கு 2,640 மீட்டர் உயர மீசைப்புலிமலை உள்ளது. 2015-ல் வெளியான 'சார்லி' மலையாளத் திரைப்படத்துக்குப் பின் இங்கு கூட்டம் பெருகியது. கேரள வன மேம்பாட்டுக் கழகத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் மட்டுமே ஏற முடியும்.

நீலக்குறிஞ்சி குறித்து ஒரு சொல். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் இந்த இனம் 2006, 2018-ம் ஆண்டுகளில் இங்கு மலர்ந்தது, அடுத்தது 2030. குறிஞ்சிப் பேரினத்தில் பல வகைகள் உண்டு. அவை வெவ்வேறு ஆண்டுகளில் பூக்கும். ஆகவே ஏறக்குறைய ஆண்டுதோறும் பரவும் 'குறிஞ்சி பூத்தது' என்ற செய்தியை நம்பி வாகனம் ஏறுவதற்கு முன் எந்த வகை, எந்த மலை என்று விசாரிப்பது அவசியம்.

மழைக்காலத்தில்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அருவிகள் நிறைந்து காணப்படும், சாலைகள் சரியும். தேவிகுளம் அருகே கேப் ரோடு பகுதி பலமுறை மண்சரிவால் மூடப்பட்டுள்ளது. ராஜமலைக்கு அப்பால் உள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு ஏற்பட்ட நிலச்சரிவு தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை அடித்துச் சென்றது. 70 பேர் பலியாகினர். அவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர்.

மாவட்ட நிர்வாகம் சிவப்பு எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் மலைச்சாலைகளில் இரவுப் பயணத்துக்கும் மலையேற்றத்துக்கும் தடை விதிக்கப்படுவது வழக்கம். மழைக்காலத்தில் கொச்சியில் இருந்து புறப்படுவோர் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் அடிமாலியைத் தாண்டும் வகையில் நேரத்தைத் திட்டமிட்டுக் கொள்ள வேண்டும்.