இயந்திரமும் இளந்தலைமுறையும்

தொழில்நுட்பமே இளந்தலைமுறையின் எதிர்காலத்தை நிர்ணயிக்கின்றது என்னும் கருத்து இன்று பரவலாக நிலவுகின்றது. வரலாறு இதனை முற்றாக ஆதரிப்பதில்லை. 1771இல் றிச்சர்ட் ஆர்க்றைற் இங்கிலாந்தின் குறொம்பேட்டிலே நீராற்றலால் இயங்கும் நூற்பாலையை நிறுவினார். இயந்திரம் உடல்வலுவின் தேவையைக் குறைத்தது; ஆயின் அக்காரணத்தாலேயே குழந்தைகள் குறைந்த கூலிக்கு ஆலைகளுக்குள் ஈர்க்கப்பட்டனர். தொழிலாளர் கிளர்ச்சியும் சீர்திருத்த முயற்சிகளும் தந்த அழுத்தத்தால் நிறைவேறிய 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெரும்பாலான நெசவாலைகளில் 9 வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதைத் தடைசெய்தது. வேலைசெய்யும் சிறுவருக்கு நாளொன்றுக்கு 2 மணிநேரக் கல்வியை விதித்தது. அதே இயந்திரத்தின் முன் குழந்தையின் நிலையை மாற்றியது சமூகப் போராட்டமே. செயற்கை நுண்ணறிவு பற்றியும் நாம் எழுப்பவேண்டிய வினா இதுவாகும்: அது மிச்சப்படுத்தும் உழைப்புநேரம் இளைஞரின் கல்விக்கும் ஓய்வுக்கும் உரியதா, உடைமையாளரின் இலாபத்துக்கு உரியதா? விடையை உற்பத்தி உறவுகளிலேயே நாம் தேடுதல் வேண்டும்.