தனியே ஓதலும் கூடிப் பயிலலும்

கண்டி மாநகரில் தாதியர் பயிற்சிக்கு வந்து சேரும் இளையோர், முதற் பரீட்சை நெருங்கும் நாட்களில் என்னைக் காணும்போதெல்லாம் ஒரு வினாவைத் தவறாது விடுக்கின்றனர். "மிஸ், தனியாய் இருந்து படிப்பது நல்லதா, கூட்டமாய் இருந்து படிப்பது நல்லதா?" என்பதே அவ்வினா. தாதிப் பணியில் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவள் என்பதனால், இதற்கு ஒரு சொல்லில் விடை கிடைக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கின்றனர் போலும். ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. கணிதத்தையோ வரலாற்றையோ பிழையாகப் படித்தவன் பரீட்சையில் தோற்பான், அவ்வளவே. தாதிக் கல்வியைப் பிழையாகப் படித்தால் அதன் பலனை அனுபவிப்பவர் கட்டிலிற் கிடக்கும் வேறொருவர் அன்றோ? ஆகவே இதனைச் சிறிது விரிவாக எண்ணிப் பார்த்தல் தகும்.

இவ்வினா புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசத் தொடங்குமுன், மாணவன் பாடம் கேட்க வேண்டிய முறையைப் பாயிரத்தில் வகுத்துரைக்கின்றது. ஆசிரியர் சொல்வதை முழுமையாக உள்வாங்கிக் கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது புலமையிற் காற்கூறே என்பது அவர் கருத்து. உடன் கற்போரோடு பழகிப் பயில்வதனால் இன்னொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறும் தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும். இக்கணக்கை மட்டும் கண்டு, கூடிப் படிப்பதே மேல் என்று முடிவு கட்டிவிடுதல் ஆகாது. பாடத்தைப் பேணுவதையும், கேட்டதை மீண்டும் மீண்டும் நினைந்து பார்ப்பதையும் முனிவர் முதலில் வைத்தார். பிறரோடு பயில்வதையும், வினாவுவதையும், விடை கூறுவதையும் அவற்றின் பின்னரே வைத்தார். அந்த வரிசையிலேதான் உண்மை தங்கியிருக்கின்றது என்பது என் துணிபு.

மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளில் வேரூன்றி நின்றது. ஆசிரியர் இல்லாத வேளையிற் சட்டாம்பிள்ளை முறை சொல்லிக் கொடுப்பான், மற்றவர் ஓதுவர். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு வியந்து, தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். தேர்ந்த சிறுவர்களைக் கொண்டே ஏனையோருக்குப் பாடம் நடத்தினார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் அம்முறை சென்னை முறை என்னும் பெயருடன் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நம் திண்ணை மேலை நாட்டிற்குச் சென்ற கதை இது.

இனி, தாதிக் கல்விக்கு வருவோம். அதில் தனிமையின்றிக் கைவராதன சில உள. எலும்புகளின் பெயர், மருந்துகளின் அளவு, இயல்பான நாடித் துடிப்பின் எல்லை ஆகியவற்றைத் தோழியின் தலையில் ஏற்றி வைத்துவிட்டு நாம் வார்ட்டுக்குச் செல்ல முடியாது. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு லீற்றர் சேலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளிகள் விழும். அப்படியாயின் நிமிடத்திற்கு எத்தனை துளி? ஆயிரத்தை இருபதாற் பெருக்கி, எட்டு மணியின் 480 நிமிடங்களால் வகுத்தால் ஏறக்குறைய 42 என வரும். நால்வர் கூடியிருக்கும் அறையில் இக்கணக்கைப் போட்டால், கணக்கில் வல்ல ஒருத்தி நொடியில் விடையைச் சொல்லிவிடுவாள். மற்ற மூவரும் தலையசைப்பர். தலையசைத்த மூவரும் தமக்குக் கணக்குத் தெரியும் என்றே நம்பி உறங்கச் செல்வர். கூட்டுப் படிப்பின் ஆபத்து இதுவே.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம்மவர் வழக்கு. ஆயினும் வடத்தைப் பிடித்தவர் அனைவரும் இழுத்தவர் ஆவரோ? மாக்ஸ் ரிங்கல்மான் என்னும் பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் இதனை அளந்தே பார்த்தார். கயிறு இழுப்போரின் தொகை கூடக் கூட, ஒவ்வொருவரும் செலுத்தும் வலு குறைந்துகொண்டே போவதை 1913இல் அவர் எழுதி வெளியிட்டார். படிப்பறைக்கும் அந்த வடம் பொருந்தும்.

எனின், தனியே படிப்பதாவது எவ்வாறு? புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது என்றே பலர் எண்ணுகின்றனர். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. ஒரு பகுதியை மீண்டும் வாசித்தவர்களும், வாசித்தபின் அதனை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர்களும் சோதிக்கப்பட்டனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, எழுதிப் பார்த்தவர்கள் வென்றனர். ஆதலால், தனிமையில் நமக்குத் துணையாக வேண்டியது திறந்த புத்தகத்தைக் காட்டிலும் மூடிய புத்தகமும் வெறுந்தாளுமே.

நிற்க. தனிமையாற் பெறவியலாத பேறு ஒன்றும் உண்டு. அதனை என் அனுபவத்திலிருந்தே கூற விரும்புகிறேன். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டத்திற்கு அண்மையில், தெல்தோட்டைப் பக்கத்து லயம் ஒன்றிற் பிறந்தவள் நான். பயிற்சிக் காலத்தில் எங்கள் விடுதி அறையில் நால்வர் இருந்தோம். யாழ்ப்பாணத்தவள் ஒருத்தி, மாத்தளையைச் சேர்ந்த சிங்களப் பெண் ஒருத்தி, அக்குறணையிலிருந்து வந்த முஸ்லிம் பெண் ஒருத்தி. வார்ட்டிலே குறிப்பு எழுதுவது ஆங்கிலத்தில். பணியாளர் பேச்சுப் பெரும்பாலும் சிங்களத்தில். தோட்டத்திலிருந்து வரும் நோயாளியின் வேதனையோ மலையகத் தமிழில். இம்மூன்றையும் இணைக்கும் புத்தகம் எதுவும் எங்கள் கையில் இல்லை. எனவே இரவுச் சாப்பாட்டின் பின் அரைமணி நேரம் நாங்களே ஒருவருக்கொருவர் புத்தகமானோம்.

"நெஞ்சைக் கரிக்குது" என்றால் என்ன, "நெஞ்சைப் பிடிக்குது" என்றால் என்ன என்று நான் விளக்குவேன். முன்னது பெரும்பாலும் எரிச்சலைக் குறிக்கும். பின்னது இறுக்கத்தைக் குறிக்கும். இரண்டில் எதுவாயினும் இருதய நோயின் அறிகுறியாக இருத்தல் கூடும் என்பதனால் எதனையும் அசட்டை செய்யலாகாது. மாத்தளைத் தோழி அச்சொற்களைச் சிங்கள எழுத்தில் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாள். "பப்புவ தனவா" என்றால் நெஞ்சு எரிகிறது என்று எனக்குச் சொல்லித் தருவாள். யாழ்ப்பாணத்துத் தோழிக்கே எங்கள் தோட்டத்துச் சொற்கள் சில புதியனவாய் இருந்தன என்பதை நினைக்க இன்றும் சிரிப்பு வருகிறது.

பின்னர் ஓர் இரவு அந்த மாத்தளைத் தோழி பணியில் இருந்தாள். தமிழ் அறிந்தவர் வேறெவரும் அவ்வேளை அங்கில்லை. கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வேறொரு நோய்க்காக வந்திருந்த முதியவள் ஒருத்தி, நள்ளிரவிற்குப் பின் அவள் கையைப் பற்றி, "நெஞ்சைப் பிடிக்குது தாயி, இடது கை கடுக்குது" என்றாள். 'கடுக்குது' என்பது தோழியின் குறிப்பேட்டில் இருந்த சொல். உடனே அவள் வைத்தியரை அழைத்தாள், ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டது, சிகிச்சை காலத்தில் தொடங்கிற்று. முதியவள் சில நாட்களில் உயிரோடு லயத்திற்குத் திரும்பினாள். அச்சொல்லைக் கூட்டம் தந்தது. அதனை இரவில் தனித்திருந்து மனனம் செய்தவள் அவள். இவற்றில் ஒன்று இல்லாதிருப்பினும் அச்சொல் அவ்வேளையில் உதவியிராது.

நவீன தாதிக் கல்விக்கு வித்திட்ட புளோரன்ஸ் நைட்டிங்கேலின் வாழ்விலும் இதே வரிசையைக் காண்கிறோம். குடும்பத்தார் தடுத்தமையால் அவர் பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து, மருத்துவமனை அறிக்கைகளைத் தனியே பயின்றார். 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில், சகோதரியர் கூடி வாழ்ந்து நோயாளரைப் பேணிய நிலையத்திற் சேர்ந்து பயிற்சி பெற்றார். 1860இல் இலண்டன் புனித தோமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தோன்றிய பள்ளி, மாணவியர் ஓரில்லத்தில் தங்கிப் பயில வேண்டும் என்பதை நெறியாகக் கொண்டது.

மருத்துவமனையிலேயே இதற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. இன்சுலின் போன்ற, சிறிது பிசகினாலும் தீங்கு விளைக்கும் மருந்துகளைக் கொடுக்குமுன் இருவர் சரிபார்த்தல் வேண்டும். முதலாமவர் கணக்கிட்ட விடையைக் காட்டி, "சரிதானே?" என்று கேட்க, மற்றவர் "சரி" என்பது சரிபார்த்தல் ஆகாது. இருவரும் ஒருவர் விடையை ஒருவர் அறியாமல் தனித்தனியே கணக்கிட்டு, அதன் பின்னரே ஒப்பிட வேண்டும். வேறுபாடு தோன்றின் இருவரும் நின்று ஆராய வேண்டும். முதலில் தனிமை, பின்னர் கூட்டம் என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியராலும் விளக்க முடியாது.

ஆகவே, கண்டித் தாதியர் கல்லூரியிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் இன்று தாதிமை பயிலும் தம்பி தங்கையருக்கு நான் கூறுவது இதுவே. மூவர் அல்லது நால்வராய்ச் சேருங்கள். அதற்கு மேல் வேண்டாம். பாடத்தை வாசித்து, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்த பின்னரே கூட்டத்திற்கு வாருங்கள். வந்தபின் ஒவ்வொருவரும் ஒரு பகுதியை மற்றவர்க்குக் கற்பியுங்கள். நன்றாகப் பேசுபவருக்கே எந்நாளும் அவ்வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். இரத்த அழுத்தம் பார்த்தல், கட்டு இடுதல், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்தல் முதலிய கைத்தொழில்களைக் கூடியே பழகுங்கள். நம் கையின் பிழை நம் கண்ணிற்குத் தெரிவதைக் காட்டிலும் தோழியின் கண்ணிற்கு விரைவில் தெரியும். மொழி வேறான ஒருவரையாவது உங்கள் வட்டத்திற் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் கலைந்ததும் பத்து நிமிடம் தனித்திருந்து, இன்று பிறரிடம் கற்றது யாது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பரீட்சை மண்டபத்தில் ஒவ்வொருவரும் தனியர். இரவுப் பணியிற் பெரும்பாலும் தனியர். ஆனால் நோயாளி நம் கையிற் கொடுக்கும் உயிர் ஒருவர் அறிவை மட்டும் நம்பி நிற்பதன்று. பலரிடம் பெற்றதைத் தனதாக்கிக் கொண்டவளே அக்கட்டிலின் அருகில் அஞ்சாது நிற்கத் தகுதி உடையவள்.