பெல்ட்டை நிறுத்துங்கள், பிறகு வாருங்கள்

கரூர் க.பரமத்தி, பல்லடம் பக்கம் காரணம்பேட்டை, வானூர் பக்கம் திருவக்கரை என்று கல் உடைக்கும் எந்தக் கிரஷர் வட்டாரத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மேலே பெல்ட் ஜல்லியைச் சுமந்து ஓடிக்கொண்டிருக்கும். கீழே சிந்திக் கிடக்கும் கல்லையும் தூளையும் ஒருவர் மண்வெட்டியால் வாரிச் சட்டியில் போட்டுக்கொண்டிருப்பார். ஆண் என்றால் இடுப்பில் லுங்கி, கழுத்தில் துண்டு. பெண் என்றால் புடவைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை.

கல் தொழிலில் ஆபத்தான வேலை எது என்று கேட்டால் பாறைக்கு வெடி வைப்பதைத்தான் சொல்வார்கள். வெடி வைப்பதற்குச் சான்றிதழ் வேண்டும், பயிற்சி வேண்டும், ஆட்களை விலக்கிவிட்டு எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும். சிந்தியதை வாருவதற்கு இதில் எதுவும் தேவையில்லை என்றாகிவிட்டது. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ புதிதாக வந்து இறங்கும் இளைஞனிடம் முதலில் கொடுக்கப்படுவது இந்த வேலைதான். எந்திரத்தைப் பற்றி எதுவும் தெரியாதவனை எந்திரத்துக்கு மிக அருகில் நிறுத்துகிறோம்.

அரை நொடிக் கணக்கு

கல் பெல்ட்டில் விழும் முனையில், பெல்ட் சுற்றித் திரும்பும் உருளையான டெயில் புல்லி இருக்கிறது. சிந்துவதில் பெரும்பகுதி அங்கேதான் குவியும். பெல்ட்டும் புல்லியும் ஒன்றோடொன்று சேரும் இடுக்கும் அங்கேதான். நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடும் பெல்ட் அரை நொடியில் 75 சென்டிமீட்டர் உள்ளே இழுத்துவிடும். ஒரு மனிதக் கையின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். மண்வெட்டி சிக்கினால் அதை விட்டுவிட வேண்டும் என்று மூளை முடிவெடுப்பதற்குள் மணிக்கட்டு உள்ளே போயிருக்கும். துண்டு நுனியோ புடவைத் தலைப்போ சிக்கினால் அந்த அவகாசமும் கிடையாது.

அதனால், “பார்த்து வேலை செய்” என்ற அறிவுரையால் பயனில்லை. எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் பெல்ட்டின் வேகத்தை மிஞ்ச முடியாது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதை அன்றே உணர்ந்திருந்தது. ஓடும் எந்திரத்தின் ஆபத்தான பாகங்களை ஆராயவோ எண்ணெய் போடவோ வேண்டியிருந்தால், தனிப்பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறிய வயது வந்த ஆண் மட்டுமே செய்ய வேண்டும், உடலோடு ஒட்டிய உடையை நிர்வாகமே தர வேண்டும் என்று அதன் 22-வது பிரிவு விதித்தது. ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தைப் பெண்களும் இளையோரும் சுத்தம் செய்வதற்கும் தடை வைத்தது. “நாங்கள் எந்திரத்தைத் துடைக்கச் சொல்லவில்லையே, தரையைத்தானே கூட்டச் சொன்னோம்” என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அந்தத் தரை புல்லிக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

சிந்துவது யார் குற்றம்?

கல் தானாகச் சிந்துவதில்லை. அதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. கல்லைக் கொட்டும் ‘ஷூட்’ என்ற சரிவுப் பெட்டியின் இருபக்க ரப்பர் தேய்ந்திருக்கும். கல் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுவதால் பெல்ட் ஒருபக்கம் ஒதுங்கி ஓடும். தாங்கும் அளவுக்கு மேல் கல்லை ஏற்றியிருப்பார்கள். ஈரத்தூள் பெல்ட்டில் ஒட்டிக்கொண்டு, திரும்பி வரும் வழியெல்லாம் உதிரும். இதை வழித்தெடுக்க முன்முனையில் ஸ்கிரேப்பர் இருக்க வேண்டும். பல இடங்களில் அது தேய்ந்திருக்கும், அல்லது கழற்றி ஓரமாகப் போட்டிருப்பார்கள்.

ஆற்று மணலுக்குக் கட்டுப்பாடுகள் இறுகி, கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் பெருகிய பிறகு இந்தத் தொல்லை கூடியிருக்கிறது. முக்கால் அங்குல ஜல்லி சிந்தினால் கிடந்த இடத்தில் கிடக்கும். மணலும் டஸ்டும் எல்லா இடுக்கிலும் புகுந்துவிடும். குவியல் உயர்ந்து கீழ் ரோலரை மூடினால் ரோலர் சுற்றாது. சுற்றாத ரோலர் மீது உரசி பெல்ட் கிழியும், ஒதுங்கும், மேலும் சிந்தும். தேய்ந்த ரப்பரை மாற்றாத சோம்பலுக்கு ஓர் ஆளை நாள் முழுவதும் குனிய வைத்து ஈடுகட்டுகிறோம்.

துடைப்பம் கிளப்பும் நோய்

இடுக்கில் சிக்காமல் தப்பியவரையும் தூள் விடுவதில்லை. நம் கருங்கல்லில் குவார்ட்ஸ் உண்டு, அதுதான் சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக அது நுரையீரலின் அடிவரை போய்த் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. அந்த நுரையீரலில் காசநோயும் எளிதில் பற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே இந்தத் தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தரையில் படிந்த தூளை உலர்ந்தபடி பெருக்கினால் அது மறுபடி காற்றில் ஏறும். காற்றுக் குழாயால் ஊதினால் இன்னும் மோசம். நனைத்து வார வேண்டும். மூக்கில் கட்டிய துண்டு நுண்துகளைத் தடுக்காது. அதற்கென்று உள்ள முகக்கவசம் வேண்டும்.

வாருவதற்கு முன் பெல்ட்டை நிறுத்தச் சொன்னால், எந்திரத்தை அடிக்கடி நிறுத்தினால் உற்பத்தி பாதிக்கப்படும், கல்லோடு நின்றுவிட்ட ஜா கிரஷரை மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்கிறார்கள் உரிமையாளர்கள். உண்மைதான். ஆனால் முதலில் கல்லை உள்ளே தள்ளும் ஃபீடரை நிறுத்தி, உள்ளே இருக்கும் கல்லை அரைத்து முடித்து, பெல்ட் காலியான பிறகு நிறுத்தினால் அந்தத் தொல்லை வராது. ஷிப்ட் மாறும் நேரத்திலும் சாப்பாட்டு வேளையிலும் இதைச் செய்யலாம்.

நிறுத்துவது என்றால் பொத்தானை அமுக்குவது மட்டும் அல்ல. பேனலில் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும். குனிகிறவரின் சட்டைப்பையில்தான் அந்தச் சாவி இருக்க வேண்டும். கீழே ஆள் இருப்பது தெரியாமல் வேறொருவர் சுவிட்சைப் போடுவதை இது ஒன்றுதான் தடுக்கும். சரிவான பெல்ட்டில் சுமை இருந்தால், மின்சாரம் இல்லாமலேயே அது பின்னோக்கி உருளக்கூடும். அதற்கும் தடுப்பு வேண்டும். டெயில் புல்லியைச் சுற்றிக் கம்பிவலை, பெல்ட் நெடுகிலும் இழுத்தால் நிற்கும் அவசரக் கயிறு, வாருவதற்கு நீளமான காம்பு ஆகியவையும் கட்டாயம்.

இதில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஒரு கிரஷர் அமைக்கச் செலவாகும் பணத்தோடு ஒப்பிட்டால் ஒரு பூட்டும் கம்பிவலையும் எந்தக் கணக்கிலும் சேராது.

கிரஷர் நடத்துகிறவர்களே, அடுத்த ஷிப்ட் தொடங்கும் முன் உங்கள் டெயில் புல்லிகளுக்கு வலை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஜல்லி வாங்கும் ஒப்பந்ததாரர்களே, விலையையும் தரத்தையும் விசாரிக்கும்போது இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள். மண்வெட்டி பிடிக்கும் தம்பிகளே, அக்காமார்களே, பெல்ட் ஓடும்போது அதன் கீழே குனியாதீர்கள். சிந்திய கல்லை நாளைக்கும் வாரிக்கொள்ளலாம்; போன கை திரும்பி வராது.