உங்களுக்குத் தெரியுமா? இரண்டு விக்டோரியா கிராஸ் வாங்கிய டாக்டர்கள்!

பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸை இரண்டு முறை பெற்றவர்கள் இதுவரை மூன்றே பேர். அவர்களில் இருவர் ராணுவ டாக்டர்கள். எதிரியை வீழ்த்தியதற்காக அல்ல, காயம்பட்டவர்களைக் காப்பாற்றியதற்காகவே இந்த இருவருக்கும் விருது. வீரத்துக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் வேண்டுமா என்ன!

முதலாமவர் ஆர்தர் மார்ட்டின்-லீக். 1902-ல், தென்னாப்பிரிக்க போயர் போரில், நூறு கெஜ தூரத்திலிருந்து எதிரிகள் சுட்டுக்கொண்டிருந்தபோது காயங்களுக்குக் கட்டுப்போட்டார். அவர் மீதும் மூன்று முறை குண்டு பாய்ந்தது. துவண்டு விழுந்த பிறகும், கூடக் கிடந்த அத்தனை பேரும் குடித்து முடிக்கும்வரை தண்ணீர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். பின்னர் இந்தியா வந்து, பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் டாக்டராக வேலை பார்த்தார். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டதும், 40 வயதில் மறுபடி ராணுவத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு பெல்ஜியத்தில் காட்டிய வீரத்துக்காக இரண்டாவது விருது.

மற்றவர் நோயல் ஷவாஸ். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியவர். 1916-ல் பிரான்ஸின் கில்மான்ட் அருகே, எதிரியின் பதுங்குகுழிகளுக்கு முன்னாலேயே இரவில் நான்கு மணி நேரம் காயம்பட்டவர்களைத் தேடினார். மறு ஆண்டு ஜூலை 31-ல், பெல்ஜியத்தில் தலையில் காயம். ஓய்வெடுக்கப் போகவில்லை, இரண்டு நாள் சிகிச்சையைத் தொடர்ந்தார். வயிற்றைக் கிழித்த அடுத்த காயத்தால் ஆகஸ்ட் 4-ல் இறந்தார். வயது 32. இரண்டாவது விருது அவர் மறைவுக்குப் பிறகே அறிவிக்கப்பட்டது.

மார்ட்டின்-லீக் போருக்குப் பின் அதே ரயில்வே வேலைக்குத் திரும்பி, 1937-ல் ஓய்வு பெற்றார். 1953-ல் இங்கிலாந்தில் காலமானார்.