செயலி ஆக்குவோரும் மாற்ற அறிவித்தல்களும்

எமது பாடசாலையின் உயர்வகுப்பு மாணவரிடம் எதிர்காலத்தில் யாது தொழில் புரிய விரும்புகின்றீர்கள் என வினவினால், ஒரு காலத்தில் மருத்துவர், பொறியியலாளர் என்னும் இரு விடைகளே கிடைத்தன. இன்றோ கைத்தொலைபேசிச் செயலி ஆக்குவோம் என்று கூறுவோர் பலர். சிலர் ஆக்கியும் விட்டனர். மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், சமூக ஊடகங்களோடு தொடர்புடைய செயலிகளை ஆக்குவோர் தவறாது வாசிக்க வேண்டிய ஒருவகை அறிவித்தல் உண்டென்பதை அவர்களுள் மிகச் சிலரே அறிவர். பெற்றோர் அதனை அறிந்திருக்க நியாயமில்லை. எமக்கும் அண்மைக்காலம் வரை அது தெரியாதிருந்தது. தெரியாதிருந்தமையால் நேர்ந்த சங்கடம் ஒன்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

பல்கலைக்கழகத்தில் கணனி பயிலும் எமது பழைய மாணவர் ஒருவர், பாடசாலைக்கென ஒரு சிறு நிரல் எழுதித் தந்தார். பாடசாலையின் சமூக ஊடகப் பக்கத்தில் நாம் இடும் அறிவித்தலை அந்நிரல் தானாகவே எடுத்து, அவ்வூடகத்தைப் பாவிக்காத பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளை அழைத்துவரும் அம்மம்மா, அப்பப்பா ஆகியோருக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பும். ஈராண்டுகள் பழுதின்றி இயங்கிற்று. ஒரு மார்கழி மாதச் சனிக்கிழமை தேர்வு மண்டபம் மாற்றப்பட்டது. முதல்நாள் மாலை அறிவித்தலை இட்டோம். குறுஞ்செய்தி எவருக்கும் போகவில்லை. மறுநாட்காலை பழைய மண்டபத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் மூதாட்டி ஒருவர் இரு பேரப்பிள்ளைகளுடன் முக்கால் மணிநேரம் பனியில் நின்றார். சிறியவளுக்கு அன்று வாய்மொழித் தேர்வு. அதற்கு அவள் தோற்ற முடியாது போயிற்று.

அந்த ஊடக நிறுவனம் தனது பழைய வழியை மூடிப் புதிய வழியைத் திறந்திருந்தது. நான்கு மாதங்களுக்கு முன்னரே அறிவித்தலும் அனுப்பியிருந்தது. அது சென்று சேர்ந்ததோ, அம்மாணவர் முதலாம் ஆண்டில் வைத்திருந்து பின்னர் திறவாது விட்ட மின்னஞ்சற் பெட்டிக்கு! அன்று கோபத்தில் நிறுவனத்தைக் கடிந்தோம். ஆறியிருந்து பார்த்தபோது பிழையிற் பாதி எம்முடையதென விளங்கிற்று.

அது என்ன வழி? ஊரிலே பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி பெறக் கச்சேரிக்குச் சென்ற பெற்றோருக்கு இதனை விளக்குவது எளிது. பதிவேடுகள் அடுக்கிய அறைக்குள் எவரும் புக முடியாது. யன்னலோரத்தில் எழுதுவினைஞர் இருப்பார். உரிய படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், உள்ளே சென்று வேண்டியதை மட்டும் எடுத்து வருவார். சமூக ஊடக நிறுவனங்களும் வெளியார் செயலிகளுக்கென இத்தகைய யன்னல் ஒன்றை வைத்துள்ளன. அதனைத் துறைசார்ந்தோர் ஏபிஐ என்பர். செயலியானது குறித்த வடிவத்திற் கோரிக்கை அனுப்பும். நிறுவனத்தின் கணனி குறித்த வடிவத்தில் விடை அனுப்பும். கச்சேரியிற் படிவம் மாறினால் பழைய படிவத்தோடு வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். எமது நிரலும் அவ்வாறே திரும்பியது; திரும்பியதை எமக்குச் சொல்லத்தான் அதற்குத் தெரியவில்லை.

படிவங்கள் ஏன் மாறுகின்றன? வீம்புக்காக மட்டுமல்ல. முகநூல் நிறுவனம் 2007 மே 24 இல் தனது தளத்தை வெளியார் செயலிகளுக்குத் திறந்துவிட்டது. அதன் தொடக்ககால யன்னலில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒருவர் ஒரு செயலிக்கு அனுமதி வழங்கினால், அவருடைய நண்பர்களின் விபரங்களையும் அச்செயலி பெறக்கூடியதாக இருந்தது. தனது பத்திரத்துக்கு ஒருவர் ஒப்பமிட, அயலார் அனைவரதும் பத்திரங்களைக் கட்டிக் கொடுத்தாற் போல! 2014 ஏப்ரல் 30 இல் இரண்டாம் பதிப்பு அறிவிக்கப்பட்டது. முதற்பதிப்புக்கு ஓராண்டுத் தவணை கொடுத்து, 2015 ஏப்ரல் 30 இல் அதனை மூடினர். அதற்கிடையில் நடக்க வேண்டியது நடந்து விட்டது. ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் இயங்கிய செயலி ஒன்றை ஏறத்தாழ 270,000 பேர் பாவிக்க, 87 மில்லியன் பேர் வரையிலானோரின் விபரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என 2018 இல் முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. வகுத்துப் பாருங்கள் மாணவர்களே, ஒருவருக்குச் சராசரியாக 322 பேர்! 2019 இல் அமெரிக்க அரசின் வணிக ஆணைக்குழு அந்நிறுவனத்துக்கு 5 பில்லியன் டொலர் தண்டம் விதித்தது. ஆகவே ஒரு வாசல் மூடப்படுகின்றது என்றவுடன் வைதுவிடலாகாது. சில வாசல்கள் இன்னும் முன்னதாகவே மூடப்பட்டிருக்க வேண்டியவை.

படிவத்தோடு அனுமதிச் சீட்டும் வேண்டும். 'டோக்கன்' எனப்படும் இச்சீட்டு நீண்டதோர் எழுத்துத் தொடர். முகநூலின் நீண்டகாலச் சீட்டும் ஏறத்தாழ 60 நாட்களே செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். இதனை அம்மாணவர் எமக்கு விளக்கியபோது சிரிப்பு வந்தது. இந்நாட்டுக்கு அகதியாக வந்த முதலாண்டுகளில் எமது வதிவிட அட்டையின் முடிவுத் திகதியை நாட்காட்டியிற் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தோம். அத்திகதியை மறந்தவர் எம்முள் எவருமிலர். நிரலின் சீட்டுக்கு அவ்வாறு வட்டமிட ஒருவரும் இருக்கவில்லை.

எல்லா நிறுவனங்களும் ஓராண்டுத் தவணை கொடுப்பதுமில்லை. 2023 ஜனவரி நடுப்பகுதியில் டுவிட்டர் நிறுவனம், தனது செய்திகளை வாசிக்க உதவிய டுவிட்டரிஃபிக், டுவீட்பொட் முதலிய வெளியார் செயலிகளின் தொடர்பை முன்னறிவித்தலின்றித் துண்டித்தது. அதனைத் தடுக்கும் விதியைச் சில நாட்களின் பின்னரே எழுதிச் சேர்த்தது. தண்டனை முந்தி, சட்டம் பிந்தி! அடுத்த மாதம் 2 ஆந் திகதி, இலவச யன்னல் ஒரு கிழமையில் மூடப்படும் என்றது. பின்னர் அதனைத் தள்ளிப்போட்டு, மார்ச் இறுதியிற் புதிய கட்டணங்களை அறிவித்தது. நியூயோர்க் நகரப் பொதுப் போக்குவரத்து அமைப்பு, இரயில் தாமத அறிவித்தல்களை அத்தளத்தில் இடுவதை 2023 ஏப்ரல் 27 இல் நிறுத்திக்கொண்டது. மே மாதத் தொடக்கத்திற் பொதுச்சேவை அமைப்புகளுக்கு மீண்டும் இலவச அனுமதி வழங்கப்பட்டது. அத்துணைப் பெரிய நகரின் அறிவித்தலுக்கும் எமது பாடசாலையின் அறிவித்தலுக்கும் ஒரே இடத்தில் இடறியமை எமக்கு ஓரளவு ஆறுதலே!

அதே ஆண்டில் ரெடிட் தளமும் தனது யன்னலுக்குக் கட்டணம் விதித்தது. அப்பலோ என்னும் செயலியைத் தனியொருவராக ஆக்கிய கிறிஸ்டியன் செலிக், 50 மில்லியன் கோரிக்கைகளுக்கு 12,000 டொலர் என்னும் கணக்கில் தமக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மில்லியன் டொலர் செலவாகும் என்று கூறி, 2023 ஜூன் 30 இற் செயலியை நிறுத்தினார். பார்வையற்றோர் பாவிப்பதற்கென அமைந்த, இலாப நோக்கற்ற சில செயலிகளுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. அவ்விலக்கும் பாவனையாளர் குரலெழுப்பிய பின்னரே கிடைத்தது.

இனி, வாசிக்க வேண்டியது யாது? ஒவ்வொரு நிறுவனமும் செயலி ஆக்குவோருக்கென மாற்றப் பதிவேடு ஒன்றை வெளியிடுகின்றது. கதைபோல் வாசிக்க இனியதன்று. பழைய வர்த்தமானிப் பத்திரிகையை ஒத்தது. புதிய கருவிகளைப் பற்றிய விளம்பர மொழியைக் கடந்து, இரு சொற்களைத் தேட வேண்டும். ஒன்று 'கைவிடப்படவுள்ளது' என்பது; இன்னும் இயங்குகின்றது, ஆயின் நம்பியிராதே என்பது பொருள். மற்றையது 'நிறுத்தப்படும் நாள்'. எடுத்துக்காட்டாக, இன்ஸ்டகிராமின் தனியார் கணக்குகளிலிருந்து படங்களைப் பெற உதவிய எளிய யன்னல் 2024 டிசம்பர் 4 இல் நிறுத்தப்படும் என அவ்வாண்டு செப்டெம்பரில் அறிவிக்கப்பட்டு, அவ்வாறே நிறுத்தப்பட்டது. மூன்று மாதமே தவணை. விடையாக வரும் எண்களையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று: 401 எனின் சீட்டுச் செல்லாது, 429 எனின் அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டாய், பொறு.

எமது பழைய மாணவர் நிரலைத் திருத்தவில்லை. தலைகீழாக மாற்றி எழுதினார். இப்போது அறிவித்தலை முதலிற் பாடசாலையின் சொந்த இணையப் பக்கத்தில் இடுகின்றோம். அங்கிருந்து குறுஞ்செய்தி நேரே போகும். சமூக ஊடகத்துக்குப் போவது அதன் பிரதி மட்டுமே. அந்த யன்னல் நாளை மூடினாலும் குறுஞ்செய்தி நில்லாது. பிரதி போகாவிடின் நிரல் எமது தொலைபேசிக்குத் தகவல் தரும். சீட்டு முடியும் திகதியும், இப்போதைய பதிப்பு நிறுத்தப்படும் திகதியும் ஆசிரியர் அறை அலுமாரிக் கதவில், தேர்வு அட்டவணைக்குப் பக்கத்திற் சிவப்பு மையால் எழுதி ஒட்டப்பட்டுள்ளன. மாதத்தின் முதற்சனியன்று மாற்றப் பதிவேட்டைப் பார்த்து அத்தாளைத் திருத்தும் பொறுப்பை, அன்று பனியில் நின்ற சிறியவளின் தமையன் கேட்டுப் பெற்றுக்கொண்டான். அவள் அடுத்த தவணை வாய்மொழித் தேர்வுக்குத் தோற்றிச் சித்தியடைந்தாள்.