புகை இல்லாமல் இழுவை குறைந்தால்...

வத்தலக்குண்டில் டீசல் கார் மெக்கானிக்காக இருப்பவனுக்குக் கொடைக்கானல் மலையே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். நாற்கரச் சாலையில் ஒழுங்காக ஓடிய வண்டி, காட் ரோட்டில் ஏற ஆரம்பித்ததும் தன் குறையைக் காட்டிவிடும். "அண்ணே, ரெண்டாவது கியர்லயும் இழுக்க மாட்டேங்குது. டர்போ போச்சுன்னு சொல்றாங்க" என்று டாக்சி ஓட்டும் தம்பிகள் கலங்கிப்போய் வந்து நிற்பார்கள். டர்போ மாற்றுவது அவர்களுடைய சீசன் வருமானத்தையே விழுங்கிவிடும் செலவு. அதனால் நான் முதலில் கேட்பது: "கரும்புகை தள்ளுதா, இல்லையா?"

பெட்ரோல் காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காற்று வரும் வழி திறக்கும். டீசலில் காற்று பாட்டுக்கு வரும். எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறது என்பதுதான் இழுவையைத் தீர்மானிக்கிறது. அப்படியிருக்கக் காற்றை எதற்கு அளக்க வேண்டும்? உள்ளே வந்த காற்றுக்கு மேல் டீசல் போனால் அது முழுசாக எரியாமல் கரியாக வெளியேறும். அதைத் தடுக்க, இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு டீசல்தான் என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம். ஓர் எல்லை வைத்திருக்கிறது. ஈ.ஜி.ஆர். வால்வுக்கும் இந்தக் கணக்கு வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காக வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வு அது. புதுக்காற்று எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் ஈ.சி.எம். அதைத் திறந்து மூடுகிறது.

காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார், ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயின் தொடக்கத்தில் இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய படலம். நடுவில் சூடேற்றும் பகுதி, அதற்கு முன்னும் பின்னும் வெப்பத்தைப் பார்க்கும் புள்ளிகள். காற்று நின்றிருந்தால் இரண்டிலும் ஒரே சூடு. டம்ளர் டீயை ஊதினால் நம் பக்கத்து விளிம்பு முதலில் ஆறுவதுபோல, காற்று வந்ததும் முன்புள்ளி குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு. இது அளப்பது காற்றின் கனஅளவை அல்ல, எடையை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் காற்றழுத்தம் நம் ஊரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேலே போகப் போக ஒரு லிட்டர் காற்றின் எடை இறங்குவதையும் நல்ல சென்சார் பிடித்துவிடும்.

அந்தப் படலத்தில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால், காற்று பலமாக வரும்போது சென்சார் குறைத்துச் சொல்லும். ஈ.சி.எம். அதை நம்பி டீசலைக் குறைக்கும். புகையும் இருக்காது, இழுவையும் இருக்காது. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்குகூடப் பல சமயம் எரியாது. ஒயர் அறுந்தாலோ அளவு கண்டபடி போனாலோ பி0100 முதல் பி0104 வரை ஏதாவது ஒரு கோடு விழும். கொஞ்சம் குறைத்துச் சொன்னால் ஈ.சி.எம்.முக்குச் சந்தேகமே வராது.

புகை தள்ளினால் கதை வேறு. டர்போவுக்கு அப்பால், இன்டர்கூலர் ஓஸ் கிழிந்திருக்கலாம். அளந்த காற்று வழியிலேயே கசிந்துவிடும், டீசல் மட்டும் முழு அளவில் போகும். கிழிசல் இருக்கும் இடத்தில் ஓஸைத் தடவினால் கையில் எண்ணெய் ஒட்டும். இப்படி ஒரு ஓஸ் கோளாறுக்காக நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்ட வண்டிகள் இங்கே நிறைய வருகின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சமீபத்தில் வந்த ஒரு 1.3 லிட்டர் டாக்சியில் புகை இல்லை, கோடும் இல்லை. ஓஸ்கள், கிளாம்ப்கள், ஏர் ஃபில்டர் எல்லாம் சரி. ஐடிலில் பார்த்துப் பயனில்லை. பிசுக்குப் படிந்த சென்சார் அங்கே சரியான அளவைக் காட்டிவிட்டு, ஏற்றத்தில் காலை வாரும். ஸ்கேனரை மாட்டி, தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது கியர், முழு மிதி, 2,500 ஆர்.பி.எம். டர்போ அழுத்தம் 1.9 பார். ஏர்ஃப்ளோ வினாடிக்கு 28 கிராம்.

இந்த இரண்டு அளவும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. 1,248 சிசி எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முழு மூச்சு இழுக்கும். 2,500 ஆர்.பி.எம்.மில் அது வினாடிக்கு 26 லிட்டர். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று 1.1 கிராமுக்குச் சற்று மேல். ஆக, டர்போவே இல்லாவிட்டாலும் 29 கிராமை ஒட்டி வந்துவிடும். டர்போ ஏறத்தாழ இரட்டிப்பு அழுத்தத்தில் தள்ளும்போது, சூட்டில் இழப்பதைக் கழித்தாலும் 40க்குக் கீழே வரக் கூடாது. டர்போ வேலை செய்கிறது. சென்சார்தான் தப்பாகச் சொல்கிறது.

உறுதிப்படுத்த, சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு டம்டம் பாறை வரை ஓட்டச் சொன்னேன். அளவு வராவிட்டால் ஈ.சி.எம். ஈ.ஜி.ஆரை மூடிவிட்டுத் தானே ஒரு மாற்றுக் கணக்கை எடுத்துக்கொள்ளும். "அண்ணே, பழையபடி ஏறுது!" என்று தம்பி துள்ளினான். அப்படியே ஓட்டிவிடலாமா என்றும் கேட்டான். கூடாது. இது சோதனைக்குத்தான். எஞ்சின் விளக்கு எரியும், நச்சுப் புகையும் கூடும்.

பிறகு மல்டிமீட்டர். இந்த வகை சென்சாரில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் சிக்னல் ஒயரில் 1 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். இதில் 1.2 வந்தது. இருந்தாலும் முதலில் கழுவித்தான் பார்த்தேன். இரண்டு ஸ்டார் ஸ்க்ரூவைக் கழற்றினால் சென்சார் கைக்கு வந்துவிடும். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும், தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் ஆகாது. துணி, பஞ்சு, விரல் எதுவும் படலத்தில் படக் கூடாது. கம்ப்ரஸர் காற்றை அடித்தால் படலமே பிய்ந்துவிடும். நன்றாக உலர்ந்த பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும். பல வண்டிகளுக்கு இதுவே போதும். இதற்குப் போதவில்லை, 33 கிராமோடு நின்றுவிட்டது.

புது சென்சார் போட்டதும் அதே ஏற்றத்தில் 44. வாங்கும்போது விலை குறைவு என்று போலிப் பெட்டியில் ஏமாந்துவிடாதீர்கள். பழைய சென்சாரின் பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்குங்கள். எண்ணெய் தடவிய ரேசிங் ஃபில்டர் வேண்டாம். புது சென்சாரிலும் பிசுக்குப் படியும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் இன்னும் கவனம் வேண்டும். புகைக் கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். இருப்பதால், ஓஸ் கசிவில் வரும் கரும்புகை கண்ணுக்கே தெரியாது. ஃபில்டர்தான் சீக்கிரம் அடைபடும்.

வண்டியை விடும்போது, "மாத்துறதுக்கு முன்னாடி எவ்வளவு காட்டுச்சு, அப்புறம் எவ்வளவு?" என்று மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள். அந்தத் தம்பியின் பில்லில் நான் 28, 33, 44 என்று கியரையும் ஆர்.பி.எம்.மையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வேறு ஊரில் வண்டி மக்கர் செய்தால், அங்கே பார்ப்பவர் அந்தக் கணக்கிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.