வாயில்லா ஜீவன்களின் உணவில் இரசாயனங்கள்

உணவை நெடுநாள் கெடாமல் காப்பது மனிதன் பழங்காலத்திலேயே கற்ற கலை. மீனுக்கு உப்பிட்டுக் கருவாடாக்கினோம்; மாங்காயை ஊறுகாயாக்கினோம்; வற்றலையும் வடகத்தையும் வெயிலில் உலர்த்தினோம். நம் வீட்டு நாயும் பூனையும் நாம் உண்டு மிஞ்சிய சோற்றையும் மீன் தலையையும் தின்று வளர்ந்தன. இன்றோ ஆலைகளில் அவற்றுக்கெனத் தனியே செய்த உணவு பைகளில் அடைத்து விற்கப்படுகிறது. மாதங்கள் பல கழிந்தும் அது கெடுவதில்லை. அது ஏன்? கெடாதிருக்கச் சேர்க்கும் பொருள்கள் அப்பிராணிகளுக்குத் தீங்கு செய்யுமா? இவற்றுக்கு விடை காண்போம்.

உலர்ந்த உணவில் ஈரம் குறைவு. ஆதலால் பூஞ்சையும் பாக்டீரியாவும் அதில் எளிதில் வளர்வதில்லை. அதன் பெரும்பகை காற்றிலுள்ள ஆக்சிஜனே. கொழுப்போடு ஆக்சிஜன் சேரும்போது கொழுப்பு காறிப்போகிறது. பழைய தேங்காய் எண்ணெயின் காறல் வாடையை நாம் அறிவோம் அல்லவா? காறிய கொழுப்பு உணவிலுள்ள வைட்டமின் ‘ஈ’யையும் அழித்துவிடும். கொழுப்பு மிகுந்த மீனையே நாள்தோறும் தின்று, வைட்டமின் ‘ஈ’ போதாமற்போன பூனைகளுக்கு, உடற்கொழுப்பு மஞ்சளாகி வீங்கி வலிக்கும் நோய் வருவதுண்டு. எனவே பாதுகாக்கும் பொருளே வேண்டாம் என்று சொல்லிவிட இயலாது. எந்தப் பொருள், எவ்வளவு, எந்தப் பிராணிக்கு என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

முதலில் எத்தாக்சிக்குவின் என்னும் இரசாயனத்தைப் பார்ப்போம். ரப்பர் வெடித்துக் கெடாமல் காக்கப் பயன்பட்ட இப்பொருள், 1950-களில் அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்திலும் இடம்பெற்றது. கப்பலில் ஏற்றும் மீன்தூள் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. அதைத் தடுக்கவும் இது உதவியது. தீவனத்தில் கிலோ ஒன்றுக்கு 150 மில்லிகிராம் வரை சேர்க்கலாம் என்பது அங்கே விதி. 1980-களின் இறுதியில், தங்கள் நாய்களுக்குத் தோல் நோயும் வேறு நோய்களும் வருகின்றன என்று வளர்ப்போர் பலர் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகத்துக்கு முறையிட்டனர். அந்நோய்களுக்கு இப்பொருளே காரணம் என்று நிரூபணமாகவில்லை. எனினும், அதைத் தயாரித்த நிறுவனம் மீண்டும் நாய்களிடம் ஆய்வு நடத்தியது. நாய்களின் கல்லீரலில் ஒருவகை நிறமி சேர்வதும், இரத்தத்தில் சில நொதிகள் உயர்வதும் தெரியவந்தன. ஆகவே 1997-இல் அந்த அளவை 75 மில்லிகிராமாகப் பாதியாய்க் குறைக்குமாறு நாய் உணவுத் தயாரிப்பாளர்களை நிர்வாகம் கேட்டுக்கொண்டது. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தீவனத்தில் சேர்க்க அளித்திருந்த அனுமதியையே நிறுத்திவைத்தது.

அடுத்தது புரொப்பிலீன் கிளைக்கால். உணவு மென்மையாகவும் பூஞ்சை பிடிக்காமலும் இருக்க இது சேர்க்கப்பட்டது. மனிதரின் உணவிலும் நாயின் உணவிலும் இதற்கு அனுமதி உண்டு. ஆனால் பூனையின் கதை வேறு. இதைத் தின்ற பூனைகளின் சிவப்பணுக்களுக்குள் ‘ஹைன்ஸ் துகள்கள்’ எனப்படும் சிறு கட்டிகள் தோன்றின. அவ்வணுக்களின் ஆயுளும் குறைந்தது. வெளிப்பார்வைக்கு நோய் ஏதும் தெரியவில்லை. நுண்ணோக்கியே உண்மையைக் காட்டியது. 1996-இல் அமெரிக்காவில் பூனை உணவில் இப்பொருள் தடைசெய்யப்பட்டது.

பூனைக்கு மட்டும் ஏன் இந்த இடர்? அதன் சிவப்பணுக்கள் இத்தகைய தாக்குதலுக்கு எளிதில் இரையாகும் இயல்புடையவை. மேலும், நம் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றும் சில பொருள்களைப் பூனையின் கல்லீரல் மெல்லவே வெளியேற்றுகிறது. பழரசத்திலும் ஊறுகாயிலும் நமக்காகச் சேர்க்கும் பென்சாயிக் அமிலம், அளவு மிஞ்சினால் பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் தரும். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைப் போக்கிவிடலாம். நமக்கு ஆகும் பொருள் அதற்கும் ஆகும் என்று நாமாக முடிவு செய்வது எத்தனை ஆபத்து!

இதற்கு எதிர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. பி.எச்.ஏ. என்னும் பொருளை மிக அதிக அளவில் தின்ற எலிகளுக்கு இரைப்பையின் முன்பகுதியில் கட்டிகள் வந்தன என்று 1980-களில் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டனர். ஆனால் அப்படியொரு முன்பகுதி நாய்க்கும் இல்லை, மனிதனுக்கும் இல்லை. ஆகவே எலிக்கு நேர்ந்தது நாய்க்கும் நேரும் என்று உடனே சொல்வதற்கில்லை.

இன்னொன்றையும் நாம் நினைக்க வேண்டும். இறைச்சிக் கோழியின் ஆயுள் சில வாரங்களே. வீட்டு நாயோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்கிறது. நாம் காலையில் இட்லி, மதியம் சோறு என்று மாற்றி மாற்றி உண்கிறோம். அதற்கோ வேளை தவறாமல் ஒரே பையிலிருந்து ஒரே உணவு. ஆதலால் சிறு அளவும் அதற்குச் சிறிதல்ல.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? பையின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குவோம். டோக்கோஃபெரால் என்றிருந்தால் அது வைட்டமின் ‘ஈ’, நல்லதே. ஆனால் அதன் காவல் இரசாயனங்களின் காவலைப் போல நெடுநாள் நில்லாது. எனவே சிறு பையாக வாங்கி, வாயை இறுகக் கட்டி, வெப்பமும் ஈரமும் படாத இடத்தில் வைப்போம். காறல் வாடை வீசினால் கொட்டிவிடுவோம். நாயின் உணவைப் பூனைக்கு இடாதிருப்போம். ஐயம் எழுந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்போம்.

நாய்க்கும் பூனைக்கும் பையைப் படிக்கத் தெரியாது. வயிறு வலித்தாலும் சொல்லத் தெரியாது. தட்டில் நாம் இட்டதை நம்பித் தின்கின்றன. எத்தாக்சிக்குவினின் அளவு குறைந்தது, அவற்றுக்காகச் சிலர் வாய் திறந்து கேட்டதால் தொடங்கிய ஆய்வினாலேயே. கேட்கவும் படிக்கவும் கற்ற நாம் அவற்றின் வாயாக இருப்போமாக!